பச்சை விளக்கும் பட்டையும்

அமானுல்லாவுக்குக் கைராசி உண்டு என்பதை, கொடைக்கானல் மூஞ்சிக்கல் பஜாரில் யாரும் சந்தேகித்ததில்லை. புதுக் கணினி வாங்கியவர்கள், பில் போடும் மெஷின் வாங்கியவர்கள், லாட்ஜுக்கு நெட் இழுத்தவர்கள், எல்லோரும் முதல் பொத்தானை அவர் கையால் அமுக்கச் சொல்வார்கள். "பாய், நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்களைப் போல ஒதுங்கி நிற்பார்கள். அவர் வாய்க்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு அமுக்குவார். பச்சை விளக்கு எரியும். அப்புறம் அந்த மெஷின் பல வருஷம் மக்கர் பண்ணாமல் உழைக்கும்.

கம்பியை ஒழுங்காக முறுக்கி, முனையைப் பிளேயரால் ஒழுங்காகக் கடித்து, ஈரம் ஏறாத சுவராகப் பார்த்து வைத்ததால்தான் அது உழைத்தது. அந்தக் காரணம் யாருக்கும் தோன்றவில்லை. அமானுல்லாவும் எடுத்துச் சொல்லவில்லை. அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. திறமை என்று சொன்னால், நாளைக்கு ஒருத்தன் திண்டுக்கல்லில் ஆறு மாதம் படித்துவிட்டு மலையேறி வந்துவிடுவான். கைராசி என்று சொன்னால், ஆள் செத்து மையத்தாகும் வரை போட்டியே கிடையாது. "அதெல்லாம் மேல இருக்கவன் குடுத்தது" என்று தாடியைத் தடவிக்கொள்வார். ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கென்று இருந்த சொத்து அந்த ஒரு பெயர்தான். அந்தப் பெயர் இருக்கும் வரை கடை நடக்கும், ஃபோன் அடிக்கும், ஏழு ரோடு சந்திப்பில் நாலு பேர் நின்று பேசுவார்கள்.

அந்தப் பெயருக்குத்தான் டாக்டர் நல்லசாமியின் கம்ப்யூட்டர் சென்டரில் கேடு காத்திருந்தது.

நல்லசாமியின் டாக்டர் பட்டம் எந்த நோயையும் தீர்த்ததில்லை, எந்த ஆராய்ச்சியையும் செய்ததில்லை. அதைக் கொடுத்த பல்கலைக்கழகம் மதுரையில் ஒரு ஹோட்டல் மாடியில் காலையில் தோன்றி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறைந்துவிட்டதாகக் கேள்வி. அதனால் என்ன? சென்டர் வாசலில் பெயருக்கு முன்னால் பட்டம் கொட்டை எழுத்தில் இருந்தது. சென்டரின் பெயர் 'வேலவன் குளோபல் ஐ.டி. அகாடமி'. கீழே ஸ்வெட்டர் கடை, அதையொட்டி யூகலிப்டஸ் தைலக் கடை, மேலே குளோபல். ஜன்னலைத் திறந்தால் மேகம் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துவிடும்.

கணினிகளுக்கெல்லாம் கம்பி இழுத்தது அமானுல்லாதான். எல்லாக் கம்பியும் வந்து சேருகிற இடம் ஒரு தட்டைப் பெட்டி. ஸ்விட்ச் என்பார்கள். முகப்பில் இரண்டு வரிசை ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டி விளக்கு. அதிலிருந்து ஒரு கம்பி ரவுட்டருக்குப் போய், ரவுட்டர் வழியாக உலகத்துக்குப் போகும். அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, அமானுல்லா எதிர்ச்சுவரைக் காட்டினார். நல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் தத்துவம் வரப்போகிறது என்று அர்த்தம்.

"பாய், நீங்க டெக்னிகலாப் பேசுறீங்க. நான் அதத் தாண்டிப் பேசுறேன். அறிவு எங்கருந்து கெளம்புது? முருகன்கிட்டருந்து. அப்ப நெட்டும் அங்கருந்துதான கெளம்பணும்?"

ஆக, ஸ்விட்ச் சாமி அலமாரியில், பழனி ஆண்டவர் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது. சீரியல் பல்புக்காகப் போட்ட பிளக் பாயிண்ட் அங்கேயே இருந்ததால் அமானுல்லாவும் மறுத்துப் பேசவில்லை. நல்லசாமி அதற்கு 'மூலவர்' என்று பெயர் வைத்தார். முதல் பொத்தானை வழக்கம்போல் பாயை அமுக்கச் சொன்னார். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. "பாத்தீங்களா, அவரு கை!" என்று நல்லசாமி கைதட்டினார்.

கோடையில் ஒரு குறையும் இல்லை. மழை இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர் லாப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிற பெண் ஸ்வேதா, பெருமாள்மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், ஒரு காலையில் ஃபோன் பண்ணினாள். "பாய், வெரசா வாங்க. கேபிள் புடுங்கிக் கெடக்குன்னு ஸ்க்ரீன்ல வருது. பாத்தா கேபிள் குத்தித்தான் கெடக்கு."

அமானுல்லா போனார். ஒரு கணினியில் லிங்க், அதாவது கம்பி வழி இணைப்பு, விழும், தானே எழும். பக்கத்துக் கணினியில் எழும், உடனே விழும். பச்சை விளக்கு ஆரஞ்சாகும், அணையும், திரும்ப எரியும். அவர் கேபிளை டெஸ்டரில் மாட்டிப் பார்த்தார். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. முனையை வெட்டிவிட்டுப் புது முனை கடித்தார். கணினிக்குள் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்கைத் தூங்க வைக்கிற அமைப்பை நிறுத்தினார். வேகத்தைக் குறைத்து வைத்தார். ஒரு நாள் நன்றாக ஓடும். மறுநாள் காலை திரும்ப அதே கூத்து. ரவுட்டரை மாற்றினார். ஸ்விட்சையே மாற்றினார். புது ஸ்விட்ச் சில வாரம் சமர்த்தாக இருந்துவிட்டு, மூத்தாள் வழியையே பிடித்துக்கொண்டது.

முதலில் குரங்கு மேல் பழி போட்டார். அப்புறம் கரண்ட் மேல். அப்புறம் கேபிள் கம்பெனி மேல். "இப்ப வர்ற சரக்கெல்லாம் செம்பே இல்ல சார், செம்பு முலாம்" என்று கம்பெனிக்காரனின் பாட்டன் வரைக்கும் இழுத்தார். அவர் சொன்னதெல்லாம் உலகத்தில் நடக்கிற சங்கதிதான். அந்த மாடியில் மட்டும் நடக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு செய்தி வந்தது. ஆன்லைன் தேர்வுகள் நடத்தும் ஒரு கம்பெனி, கொடைக்கானலில் மையம் தேடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து சோதிப்பார்கள். ஒரு மாதிரித் தேர்வு ஓடும். அது முடியும் வரை ஒரு கணினிகூட அறுந்து போகக் கூடாது. நல்லசாமி பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். "நம்ம பாய் இருக்காரு. அவரு கை வச்சா லிங்க் விழுமா?" விழுந்துகொண்டிருந்ததை அவர் சொல்லவில்லை. அமானுல்லா அதைக் கேட்டபோது, யாரோ தன் தலையில் செங்கல்லை அடுக்கி 'நடங்க' என்று சொல்வது போல இருந்தது.

ஒரு கிருத்திகை அன்றைக்குப் பாதிக்கு மேல் கணினிகள் செத்தன. அமானுல்லா அலமாரியிலிருந்து ஸ்விட்சை இறக்கி, ஒரு முனையை உருவி, ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே தங்கநிறத்தில் பளபளக்க வேண்டிய எட்டுப் பற்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. இன்னொன்றை உருவினார். அதிலும். விரலில் எடுத்து முகர்ந்தார். பன்னீர் வாசனை.

அவர் மெல்லத் திரும்பி ஸ்விட்சின் முகப்பைப் பார்த்தார். இரண்டு வரிசை ஓட்டைகளின் மேலும் கீழும் நடுவிலும் மூன்று கோடு. பட்டை. தினமும் காலையில் நல்லசாமி மூலவருக்குப் பழனி விபூதி பூசுகிறார். சாதாரண நாளில் உலர்ந்த விபூதி. கிருத்திகை, சஷ்டி என்றால் பன்னீரில் குழைத்து, மூன்று விரலால், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை. லிங்க் விழுந்தால் மறுநாள் கொஞ்சம் கூடுதலாக. கூடுதலாகப் பூசினால் மறுநாள் இன்னும் நாலு லிங்க் விழும். அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

கீழே பழனியில் அது தூள். ஊதினால் பறந்துவிடும். இங்கே, மேகம் வகுப்புக்கு வருகிற ஊரில், அது சேறு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பாலம் போடுகிற சேறு.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு தீக்குச்சி எரிகிற நேரம் இருந்தது. அப்புறம் அவருக்குத் தன் பெயர் ஞாபகம் வந்தது.

வீட்டில் ரோஷன் பேகத்திடம் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி, "அப்ப சொல்லிர வேண்டியதுதான? பூசாதீங்க, கெட்டுப் போவுதுன்னு" என்றாள்.

"யாரு சொல்றது?"

"நீங்கதான். வேற யாரு, அடுத்த வீட்டுக்காரரா?"

"என் பேரு என்னன்னு ஒரு தடவ சொல்லு பாப்போம்."

அவள் தோசையை எடுத்து அவர் தட்டில் போட்டாள். "பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட ஓதித் தண்ணி வாங்கித் தாரேன். அதுல ரெண்டு சொட்டு தெளிச்சுப் பாருங்களேன்" என்றாள்.

"எங்க, அந்தப் பெட்டி மேலயா? ஆகட்டும். அவரு அந்தப் பக்கம் பூசட்டும், நீ இந்தப் பக்கம் ஊத்து. ரெண்டு பேருமாச் சேந்து அடக்கம் பண்ணிருங்க."

மறுநாள் நல்லசாமியிடம் போவதற்கு முன், மூஞ்சிக்கல் ஏற்றத்தில் நடந்துகொண்டே வார்த்தைகளை எடுத்து எடுத்துப் பார்த்தார். கடைசியில் ஆபத்தில்லாத ஒன்றைப் பொறுக்கினார்.

"தூசி சார்."

"என்ன பாய் சொல்றீங்க? ஸ்வேதா காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா தொடைக்கிதே?"

"இது வேற மாதிரித் தூசி சார். வெள்ளையா, மெல்லிசா..."

"வெள்ளையா?"

"சாம்பக் கலர்னும் வச்சுக்கலாம்."

நல்லசாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். கண் அலமாரியைத் தாண்டி மேலே ஏறி, சுவரில் நின்றது. "சுண்ணாம்பு!" என்றார் நல்லசாமி. பிரபஞ்ச ரகசியம் தெரிந்த முகம். "பழைய பில்டிங்ல அதான் பாய் பிரச்சனை. நான் அப்பவே நெனச்சேன்."

அடுத்த நாளே ஆள் வைத்துச் சுவரைச் சுரண்டினார்கள். அதுவரை சுண்ணாம்பே படாத கணினிகளுக்குள் எல்லாம் முறைப்படி சுண்ணாம்பு போனது. அமானுல்லா ஒவ்வொன்றாகத் திறந்து ஊதினார்.

அப்புறம் பெட்டியை இடம் மாற்றலாம் என்று சொல்லிப் பார்த்தார். "சூடாகுது சார், காத்தோட்டமா எதிர்ச் செவத்துல..." நல்லசாமி கண்ணை மூடினார். அமானுல்லா வாயை மூடினார். இன்னொரு நாள் சாயங்காலம், ஸ்பிரிட் வைத்து எல்லா ஓட்டைகளையும் சுத்தம் பண்ணிவிட்டு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை அளவாக வெட்டி முகப்பில் ஒட்டிவிட்டு வந்தார். காலையில் ஃபோன்.

"பாய், சாமி முன்னாடி என்னது பாலித்தீன்? கொடைக்கானல்ல பிளாஸ்டிக்குக்குத் தடை, தெரியுமா தெரியாதா? நாளைக்கு ஆபீசருங்க வந்து போற எடம்."

தாள் போயிற்று. பட்டை வந்தது.

தினமும் சாயங்காலம் போய்ச் சுத்தம் பண்ணுவதும், காலையில் அது பூசப்படுவதுமாக நாள் போனது. ஒருவர் நீர் இறைக்க, ஒருவர் மண் கொட்ட, இருவரும் ஒரே கிணற்றில் உழைத்தார்கள். ஆய்வு தேதி நெருங்கியது.

ஸ்வேதா மாடிப்படியில் காத்துக்கொண்டு நின்ற அன்று நல்ல மூடுபனி. குரல்தான் முதலில் வந்தது.

"பாய், ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது."

"சொல்லு தாயி."

"நான் சொல்லிட்டேன் பாய். பெட்டிக்குப் பூச வேணாம் சார், படத்துக்கு மட்டும் போதும், லைன் கட்டாகுதுன்னு. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? பூசுன அஞ்சு நிமிசத்துல சாவுது. நானாத்தான் சொன்னேன். உங்க பேரையே எடுக்கல. எங்கம்மா மேல சத்தியமா."

அமானுல்லா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என்னன்னாரு?"

"சிரிச்சாரு."

"சிரிச்சு?"

"'பாய் சொல்லச் சொன்னாரா'ன்னாரு. இல்ல சார்ன்னேன். 'பயப்படாமச் சொல்லு'ன்னாரு. இல்லவே இல்ல சார்ன்னேன். 'நீ நல்ல புள்ளம்மா, காட்டிக் குடுக்க மாட்ட'ன்னுட்டு..." அவள் ஒரு படி இறங்கி வந்தாள். "தப்புப் பண்ணிட்டேனா பாய்?"

"இல்ல தாயி" என்றார். வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொல்ல ஒருத்தி கிடைத்துவிட்டாள், அதுவும் நெற்றியில் திருநீறு வைத்த ஒருத்தி. ஆனால் அந்த உண்மை எந்த வாயிலிருந்து புறப்பட்டாலும் அனுப்புநர் இடத்தில் அவர் பெயரே எழுதியிருந்தது.

நல்லசாமி கோபப்பட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். கோபம் ஒரு வாரத்தில் ஆறும். அவர் மன்னித்துவிட்டார். மன்னித்தவர் சும்மா இருப்பாரா? டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸப்பில் கைகூப்பும் படத்தோடு போட்டார். "எனக்கு அவர் மேல துளி வருத்தம் கெடையாது. நமக்கு எம்மதமும் சம்மதம். அவருக்குத் தோணுனத அவரு சொல்றாரு." கதை ஆனந்தகிரி போய்ச் சேர்ந்தபோது, பாய் விபூதியைக் குறை சொன்னார் என்றிருந்தது. நாயுடுபுரம் போய்த் திரும்பி வந்தபோது, சாமி படத்தையே கழற்றச் சொன்னார், டாக்டர் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார் என்று ஆகியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நல்லசாமியின் மனசு பெரிதாகிக்கொண்டே போனது.

சென்டர் படிக்கட்டின் அடியில் பூ விற்கும் கந்தம்மாள் அவரை நிறுத்தினாள். "எதுக்கு பாய் உங்களுக்கு இந்தச் சோலி? கம்பி வேல பாக்க வந்தமா, பாத்தமா, போனமான்னு இருக்க வேணாமா?" அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

டீக்கடையில் நல்லசாமியே அவரைத் தோளில் கைபோட்டு உட்கார வைத்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"பாய் வாங்க. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. நான் நம்பல. நீங்களே உங்க வாயால சொல்லிருங்க. விபூதியால மெஷின் கெடுமா?"

அமானுல்லா எல்லோர் முகத்தையும் பார்த்தார். வருஷக்கணக்காகத் தெரிந்த முகங்கள். லாட்ஜ் மேனேஜர், மருந்துக்கடைக்காரர், தைலக் கடைக்காரர். யாரும் முறைக்கவில்லை. எல்லோரும் அவர் நல்லபடியாகப் பதில் சொல்லித் தப்பிக்க வேண்டும் என்று விரும்புகிற மாதிரி, ஆதரவாகப் பார்த்தார்கள்.

"சே, அதெப்படி சார் கெடும்?" என்றார்.

"கேட்டுக்கங்கய்யா!" நல்லசாமி முதுகில் தட்டினார். "மாஸ்டர், பாய்க்கு ஒரு டீ. நம்ம கணக்கு."

டீ இனிப்பாக இருந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இன்னொன்று உறைத்தது. விபூதி காரணமில்லை என்று ஊருக்கு முன்னால் அவரே சாட்சி சொல்லியாயிற்று. கேபிள் புதிது, ஸ்விட்ச் புதிது, சுவரையும் சுரண்டியாயிற்று. இனிமேல் லிங்க் விழுந்தால், காரணம் என்று சொல்ல மிச்சம் என்ன இருக்கிறது? அவர் டீ கிளாஸைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார்.

ஆய்வு அன்றைக்கு நல்லசாமி பட்டு வேட்டி கட்டியிருந்தார். மூலவருக்கு விசேஷ அலங்காரம். பன்னீரில் குழைத்த பட்டை நெற்றியைத் தாண்டி வழிந்து, கீழ்வரிசை ஓட்டைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின சாயங்காலம் அமானுல்லா ஒவ்வொரு பல்லாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். துடைத்த இடத்தில் விபூதி நன்றாகப் பிடித்திருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்தவள் இளம்பெண். கழுத்தில் அட்டை, முகத்தில் மலைப்பாதையில் வாந்தியெடுத்த களைப்பு. நல்லசாமி சந்தன மாலை போட்டார். "எங்க அகாடமியோட விஷன் என்னன்னா மேடம்..." என்று ஆரம்பித்தார். அவள் "டெஸ்ட்ட ஸ்டார்ட் பண்ணிரலாம் சார்" என்றாள்.

எல்லாத் திரையும் ஒளிர்ந்தன. ஸ்வேதா சுவரோரம் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அமானுல்லா வாசல் பக்கத்தில் நின்றார். உதடு ஓதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. நல்லசாமி திரும்பி அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை முடிவதற்குள் ஜன்னலோரக் கணினி அறுந்தது. பிறகு அதற்கடுத்தது. அது எழுந்தது, முன்னது விழுந்தது. அப்புறம் நடுவரிசையில் ஒன்று, பின்வரிசையில் மூன்று. மேகம் ஒரு பக்கமிருந்து மலையை மூடிக்கொண்டு வருவது போலத் திரைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

அந்தப் பெண் எழுந்து அலமாரிக்குப் போனாள். ஒரு முனையை உருவினாள். விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு அறையைச் சுற்றி வந்த அவள் பார்வை அமானுல்லாவின் தாடியில் ஒரு கணம் நின்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. படித்தவள், வெளியூர்க்காரி, அவள் சொன்னால் யாரும் அவரைச் சேர்த்துப் பேச முடியாது. அவர் வாழ்க்கையில் எதையும் அப்படி எதிர்பார்த்ததில்லை. சொல்லம்மா, என்றது மனசு. ஒரே ஒரு வார்த்தை.

அவள் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். "மெயின்டனன்ஸ் சரியில்ல சார்" என்றாள். "யார் பாக்கறாங்க?"

அவளுக்கும் இருட்டுவதற்குள் மலையிறங்கி ஊர் போய்ச் சேர வேண்டும்.

"பாய்தான்" என்றார் நல்லசாமி. குரலில் கோபமே இல்லை. "அவரக் கொற சொல்ல மாட்டேன் மேடம். ராத்திரி பகல் பாக்காம ஒழைச்ச மனுசன். ஆனா பாருங்க, கைராசின்னு ஒண்ணு இருக்கே, அது ஒரே ஆள்கிட்ட நிக்காது. அவரு என்ன செய்வாரு, பாவம்."

ஸ்வேதா வாயைத் திறந்தாள். அமானுல்லா தலையை லேசாக ஆட்டினார். அவள் மூடிக்கொண்டாள்.

கைராசி வந்து சேர வருஷங்கள் ஆகின்றன. போவதற்கு ஒரு சாயங்காலம் போதும். லாட்ஜ் மேனேஜர், வரச் சொல்லியிருந்த வேலைக்கு "நானே கூப்புடுறேன் பாய்" என்றார். மருந்துக்கடைக்காரர் பழைய பில் மெஷினைப் பற்றி, "இப்போதைக்கு ஓடுது, யாரும் தொட வேணாம்னு இருக்கேன்" என்றார். சண்டை இல்லை, ஏச்சு இல்லை. வழியில் பார்த்தால் முன்னைவிட அன்பாக நலம் விசாரித்தார்கள். சாவு வீட்டில் விசாரிப்பது போல.

அகாடமியில் திண்டுக்கல்லிலிருந்து ஓர் ஆள் வந்து புது ஸ்விட்ச் வைத்தான். அதே அலமாரியில்தான். பச்சை விளக்குகள் எரிந்ததும் நல்லசாமி கைதட்டினாராம். ஸ்வேதா ஃபோனில் சொன்னாள். அது எத்தனை நாளைக்கு என்று அமானுல்லாவுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் அவருக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. அது கெட்டால் இன்னொரு கையைத் தேடுவார்கள். பட்டை இருந்த இடத்தில் இருக்கும்.

கடையில் உட்கார்ந்து, சரியாக இருக்கிற கேபிள்களை டெஸ்டரில் மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு விளக்கும் எரியும். அணைத்துவிட்டு இன்னொன்றை மாட்டுவார். "எதுக்குங்க அதயே பண்றீங்க?" என்று ரோஷன் பேகம் ஒருநாள் கேட்டாள். "ஒண்ணாவது கெட்டிருக்கான்னு பாக்குறேன்" என்றார்.

பேக்கரிக்காரி ஜோசப்பின் கூப்பிட்டபோது அவரால் நம்ப முடியவில்லை. நாயுடுபுரத்தில் இரண்டாவது கடை திறக்கிறாள். பில் மெஷின், கேமரா, நெட் எல்லாம் புதுசு. "அண்ணே, ஒங்க வேல மாதிரி சுத்தம் வராது. நீங்கதான் பண்ணணும்." அமானுல்லா எத்தனையோ நாளைக்குப் பிறகு வெள்ளனே எழுந்து, கிரிம்பிங் பிளேயருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு கம்பியையும் நிறம் பார்த்து, நிமிர்த்தி, ஒரே மட்டத்தில் வெட்டி, ஒரே கடியில் கடித்தார். சுவரில் ஈரம் வராத உயரத்தில் ஸ்விட்சைப் பொருத்தினார். சுற்றிலும் படம், சிலை, சுரூபம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். மாதா எதிர்ச்சுவரில்தான் இருந்தாள்.

திறப்பு அன்றைக்கு சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளிக்கும்போது அமானுல்லா தற்செயலாக நிற்பது போல மெஷினுக்கு முன்னால் போய் நின்று முதுகில் வாங்கிக்கொண்டார். மெழுகுவர்த்தி, கைதட்டல், கேக். எல்லோரும் மெஷினைச் சுற்றிக் கூடினார்கள். அமானுல்லா பழக்க தோஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

ஜோசப்பின் அவர் பக்கத்தில் வந்து, கேக் தட்டை அவர் கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கயே கெடையாது. எங்க மாமியாருதான்... நீங்க ஒரு நிமிசம் வெளில நின்னுக்கிறீங்களா? ஜேசன் அமுக்கட்டும்."

ஜேசன் அவள் கொழுந்தன். கிரீம் தடவுகிற கத்தியைத் தவிர வேறு எதையும் கையால் தொடாதவன்.

அமானுல்லா வெளியில் போய் நின்றார். பனி இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. கண்ணாடிக் கதவு உள்ளேயிருந்து வியர்த்திருந்தது. அதன் வழியாக மங்கலாக ஒரு பச்சை எரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் சில. ஓவென்று சத்தம், கைதட்டல். யாரோ ஜேசனைத் தூக்கினார்கள். கேக் தட்டில் பனி விழுந்துகொண்டிருந்தது.

அந்த மெஷின் இன்று வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. ஜேசனுக்குக் கைராசி என்று பஜார் முழுக்கப் பேச்சு. லாட்ஜுகள் அவனைக் கார் வைத்துக் கூட்டிப் போகின்றன. அவன் வந்து பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் கம்பி வேலையை யாராவது ஒழுங்காகச் செய்து வைத்திருக்க வேண்டுமே, அதற்கு அமானுல்லாவுக்கும் அழைப்பு வரத்தான் செய்கிறது. விருந்தாளிகள் எழுந்திருக்கும் முன், கோலம் போடும் முன், வெள்ளனே வரச் சொல்கிறார்கள். அவர் ஏணியில் நின்று கடைசி முனையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது லாட்ஜ் மேனேஜர் கீழிருந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் குரல் கொடுப்பார்.

"வெரசா முடிச்சிட்டுக் கெளம்பிருங்க பாய். நல்ல நேரம் வரப் போகுது."